செவ்வாய்க்கிழமைக் கோளாறு

காலை 9.20. ஒரே ஆபீஸிலிருந்து பதினேழு புகார். பதினேழையும் எடுத்துப் பேசியவள் கோகிலவாணி.

எழுபது கொண்டை ஊசி வளைவிலும் இதையே நினைத்துக் கறுவிக்கொண்டு வந்த பிரேம், சோளக்காடு என்ற மலையூரில் பைக்கை நிறுத்தினான். சேலத்து சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் கோளாறு பார்க்கும் பிரிவுக்கு அவன்தான் தலைவன். கோகிலவாணி அவனுக்குக் கீழே வேலை பார்ப்பவள்.

மிளகு விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் மாணிக்கம் வாசலுக்கே வந்து கும்பிட்டார்.

"ஏனுங்க சார், எங்களுக்காகவா இவ்வளவு தூரம்?"

"பின்ன? எடை ரசீது போடற புரோகிராம் வாரா வாரம் நின்னா கம்பெனி மானம் என்னாகறது?"

"மேடம் போன்லயே சரி பண்ணிக் குடுத்துர்றாங்களேங்க."

"அவங்க சரி பண்ற லட்சணத்தைத்தான் பார்க்க வந்திருக்கேன்."

பிரேம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடும் ஒரு சர்வீஸ்தான் இந்தப் புரோகிராமுக்கு உயிர். அது நின்றால் ரசீது வராது. விண்டோஸ் அப்டேட் கெடுத்ததா? இல்லை. ஆன்டிவைரஸ் தடுத்ததா? இல்லை. பாஸ்வேர்டு காலாவதியா? அதுவும் இல்லை.

நின்ற நேரங்களின் பட்டியலைத் திறந்தான். எல்லாம் செவ்வாய்க்கிழமை. எல்லாம் காலை பத்து மணி. இன்றும் செவ்வாய்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சர்வீஸ் நின்றால் சில நொடியிலேயே தானாக ஓட வைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. எல்லா வாடிக்கையாளருக்கும் போட்டாயிற்று. "மலை ஆபீஸுக்கும் போட்டுட்டேன் சார்" என்று கோகிலவாணி போன மாதமே சொல்லியிருந்தாள்.

போடவே இல்லை.

பொய் வேறா? அவள் பேசிய போன் ரெக்கார்டிங்குகளில் பின்னால் குழந்தை கத்துகிறது, மியூட் போடுங்கள் என்று இரண்டு தடவை சொல்லியும் அவள் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் மெமோதான்.

ஏற்பாட்டைத் தானே போட்டுவிட்டு, டீ குடிக்க வெளியே போனான். எடை மேடையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெருமாயி ஏறிட்டுப் பார்த்தாள்.

"சரி பண்ணிட்டீங்களா சாமி?"

"இனி ஜென்மத்துக்கும் நிக்காதுங்க."

"அடப் பாவமே" என்றாள் பெருமாயி.

டீயை முடித்துத் திரும்பியபோது பத்து மணி தாண்டியிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டான்.

மாணிக்கம் கம்ப்யூட்டரில் குனிந்திருந்தார். சர்வீஸைத் தேடிப் பிடித்து நிறுத்தினார். போனை எடுத்தார். எண்களை அழுத்தி முடிப்பதற்குள் அது மறுபடி ஓட ஆரம்பித்தது. போனை வைத்துவிட்டு மறுபடி நிறுத்தினார். மறுபடி ஓடியது.

"நில்லு சாமி" என்று திரையிடம் கெஞ்சினார். "இன்னைக்கு ஒரு நாளைக்கு நில்லு."

"என்னங்க இது?"

மாணிக்கம் திடுக்கிட்டு எழுந்தார். திரையை மறைத்துக்கொண்டு நின்றார். பெருமாயிதான் உள்ளே வந்தாள்.

"போன்ல பேசற அந்தப் புள்ள இவரு மகளுங்க. புடிச்சவனைக் கட்டிக்கிச்சு. ஊர்க்கூட்டத்துல மீசையை முறுக்கிட்டு, 'இனி என் ஊட்டுப் போன்ல உன் கொரலு கேக்கக் கூடாது'ன்னு சொல்லிப் போட்டாரு. வருஷம் மூணாச்சு. கம்ப்யூட்டர் வாங்கறப்ப நாலு கம்பெனிக்காரங்க வந்தாங்க. உங்க கம்பெனிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு."

"இது ஆபீஸ் போனுங்க" என்றார் மாணிக்கம் மெதுவாக. "ஊட்டுப் போன் இல்லீங்க."

பிரேம் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"அதுக்கு ஏன் செவ்வாய்க்கிழமை?"

"அன்னைக்குத்தான் அது ஊட்ல இருந்து வேலை பாக்குது. பின்னால பேத்தி சத்தம் கேக்குமுங்க. மொகம் பாத்ததில்லை. மொதல்ல வெறும் அழுகதான். அப்பறம் 'ங்கா'ன்னுச்சு. போன வாரம் 'த்தா, த்தா'ன்னுச்சு. தண்ணி கேட்டுச்சோ என்னமோ."

"கோகிலவாணிக்குத் தெரியுமா, நீங்கதான் நிறுத்தறீங்கன்னு?"

"ஐயோ, தெரியாதுங்க. 'சொல்லுங்க சார்'ங்கும். நானும் 'மேடம்'ம்பேன். அவ்வளவுதான்."

மேஜைப் போன் அடித்தது. மாணிக்கம் எடுக்கத் தயங்கினார். பிரேம் ஸ்பீக்கரை அழுத்தினான்.

"சார், சப்போர்ட்ல இருந்து கோகிலவாணி பேசறேனுங்க."

அங்கிருந்து அவளாகக் கூப்பிடுவது இதுவே முதல் தடவை. பின்னால் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"மணி பத்தே கால் ஆயிருச்சுங்க. இன்னும்... சர்வீஸ் நிக்கலீங்களா?"

மாணிக்கம் பிரேமைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இல்லீங்க மேடம். நல்லா ஓடுதுங்க. பெரிய சார் வந்து சரி பண்ணிட்டாருங்க."

"ஓ."

பின்னால் குழந்தை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

"சரியாயிருச்சுங்களா. சந்தோசமுங்க. அப்ப... வெச்சர்றேனுங்க."

பிரேமுக்கு அப்போதுதான் உறைத்தது. குழந்தை கத்துகிறது என்று அவன் குறை சொன்ன ரெக்கார்டிங்குகள் எல்லாம் இந்த ஒரு ஆபீஸோடு பேசியவை. மற்ற யாரோடு பேசும்போதும் அவள் மியூட் போட மறந்ததே இல்லை.

மவுஸை எடுத்தான். தான் போட்ட ஏற்பாட்டை அழித்தான். சர்வீஸையும் தன் கையாலேயே நிறுத்தினான். திரையை மாணிக்கத்தின் பக்கம் திருப்பினான்.

"மேடம், மேடம், வெச்சராதீங்க!" மாணிக்கம் போனின் மேல் குனிந்து கத்தினார். "நின்னுருச்சுங்க!"

பிரேம் அன்று எழுதிய அறிக்கை ஒரே வரி: கோளாறு பழையது, போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குச் சில வாரம் கழித்து, 2025 ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குச் சோளக்காடு ஆபீஸிலிருந்து வந்த அழைப்பைக் கோகிலவாணி இப்படிப் பதிந்திருக்கிறாள்: பேசிய நேரம் 52 நிமிடம், சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, குறை எதுவும் சொல்லவில்லை.