தனிக் கிண்ணம்

"ஐயா, நான் ஜாதி பாக்கிறவன் இல்ல" என்று ஆரம்பித்தார் சின்னதுரை.

இப்படி ஆரம்பிக்கிறவர்கள் அடுத்து எதைப் பற்றிப் பேசுவார்கள் என்பது, திண்டிவனம் மெதடிஸ்ட் சபையின் போதகர் விருத்தாசலத்துக்கு நன்றாகத் தெரியும்.

"சுத்தம்தான் பாக்கிறேன். கோயில்ல மாசாமாசம் திராட்சை ரசம் குடுக்கிற ராப்போசனத்துல சேரி ஜனங்க வாய் வச்ச கிண்ணத்துலயே எங்க வீட்டுப் பொம்பளைங்களும் வாய் வைக்கணுமா? ஊரெல்லாம் காலரான்னு பேஜாரா இருக்குது."

மேஜைமேல் ஒரு துணி மூட்டையை வைத்து அவிழ்த்தார். உள்ளே பளபளவென்று வெள்ளிக் கிண்ணம்.

"விழுப்புரம் தட்டான் கிட்ட சொல்லிச் செஞ்சது. அவங்க அந்தப் பழைய பித்தளைக் கிண்ணத்துல குடிக்கட்டும். நாங்க இதுல குடிக்கிறோம். கர்த்தருக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

யுத்தம் வந்ததில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் விலை ஏறியது. அதோடு சின்னதுரையின் மண்டியும் ஏறியது, பக்தியும் ஏறியது. கோயிலில் அண்ணாந்து பார்த்தால் தெரிகிற ஓடு அவர் போட்டது. குனிந்து பார்த்தால் தெரிகிற பாயும் அவர் போட்டது.

"எல்லாரும் ஒரே கிண்ணத்துல குடிக்கிறதுதானுங்களே முறை?" என்றார் போதகர், மெதுவாக.

"அப்ப எங்க ஜனங்க வேற கோயில் பாத்துக்குவாங்க."

போதகர் சற்று நேரம் ஓட்டைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார்.

"சரிங்க" என்றார்.

சாந்தம் கிறிஸ்தவ குணம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். பணக்காரர்கள் கோபப்படும்போதெல்லாம் அந்தக் குணம் அவரிடம் தவறாமல் வந்து நிற்கும்.

அவர் மனைவி ஜெயம், ராப்போசன ரசத்துக்கு உலர்ந்த திராட்சையைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒத்துக்கினீங்களா?"

"சபையில சமாதானம் முக்கியம் ஜெயம்."

"இருக்கட்டும். கிண்ணம் ரெண்டு ஆயிடுச்சு. போதகர் ஒருத்தர்தானே? நீங்க எதுல குடிப்பீங்க?"

அன்றைக்குப் போதகருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் நிறைந்திருந்தது. பீடத்தின்மேல் இரண்டு கிண்ணங்கள்.

சேரி ஜனங்களைப் போதகர் முதலில் கூப்பிட்டார். சின்னதுரைக்குப் புருவம் ஏறியது. ஆனாலும் கிண்ணம் வேறு அல்லவா? புருவத்தை இறக்கிக்கொண்டார்.

போதகர் வீட்டில் வேலை செய்யும் சவுரியம்மாள் முதல் ஆளாக வந்து முழங்கால் போட்டாள். பித்தளைக் கிண்ணம் ஒவ்வொரு வாயாகப் போய்த் திரும்பியது. அடியில் ஒரு வாய் ரசம் மிச்சம் இருந்தது. போதகர் அதை எடுத்துக் குடித்தார்.

அடுத்து சின்னதுரையும் அவர் ஜனங்களும் வந்து வரிசையாக முழங்கால் போட்டார்கள்.

போதகர் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தார். ஈர உதட்டைத் துடைக்கவில்லை. அதிலும் ஒரு வாய் குடித்தார். குடித்த கையோடு சின்னதுரையிடம் நீட்டினார்.



சின்னதுரை கிண்ணத்தைப் பார்த்தார். போதகரின் உதட்டைப் பார்த்தார். எழுந்து போகலாம்தான். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறதே!

"குடிங்க. கர்த்தருக்கு ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் போதகர், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

சின்னதுரை கண்ணை மூடி, பேதி மருந்து குடிக்கிற மாதிரி ஒரு மடக்கு விழுங்கினார். அவர் விழுங்கியதும் அவர் வரிசையும் விழுங்கியது.

ஆராதனை முடிந்து வாசலில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அடுத்த மாசத்துலேர்ந்து பழைய கிண்ணமே போதுங்க."

போதகர் வீட்டுக்கு நடந்து வந்தாரா, மிதந்து வந்தாரா என்று அவருக்கே தெரியாது. அங்கியைக் கழற்றியதும் கழற்றாததுமாக எழுத உட்கார்ந்துவிட்டார். 'அன்றாட வாழ்வில் விசுவாசம்' என்று சபைப் பத்திரிகையில் மாதாமாதம் அவர் தியானம் எழுதுவது உண்டு. மற்ற மாதங்களில் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு எழுத்து தானாக ஓடியது.

'விசுவாசம் என்பது ஞாயிற்றுக்கிழமை போட்டுக் கழற்றும் அங்கி அல்ல. தினமும் உடுத்தும் வேட்டி.'

எழுதிப் படித்தவருக்குப் புல்லரித்தது. ஜெயத்திடம் உடனே படித்துக் காட்டவேண்டும் போல் இருந்தது. காகிதத்தோடு கொல்லைப்பக்கம் போனார்.

ஜெயம் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். வெளியே தரையில் குந்தியபடி சவுரியம்மாள் கேப்பைக் கூழைக் குடித்து முடித்தாள். நசுங்கிய அலுமினிய டம்ளரைத் தானே கழுவினாள். எட்டி, கூரை எறவாணத்தில் செருகினாள்.

"அதை ஏம்மா அங்க செருகுறே? உள்ள மத்த டம்ளருங்களோட வையேன்" என்றார் போதகர்.

ஜெயம் அரைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"உள்ளயா? அது அவளோட டம்ளர். நாம இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அங்கதானே இருக்குது? நீங்க பாத்ததே இல்லையா?"

போதகர் எறவாணத்தைப் பார்த்தார். கையில் இருந்த காகிதத்தை இரண்டாக மடித்தார். பிறகு நாலாக மடித்தார். வாய்க்கு வந்ததைக் கேட்டார்.

"இன்னைக்குக் கோயில்ல எப்படி இருந்துச்சு, சவுரியம்மா?"

சவுரியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க ஐயா. மாசத்துல ஒரு நாளாச்சும் உங்களோட ஒண்ணா குடிக்கிறோமே!"