பின்னல் சாடை

"இந்தப் பொண்ணுக்கு வலது கண்ணு சுத்தமா இருக்குது டீச்சர். கடைசி வரி வரைக்கும் ஒரு தப்புகூட இல்ல" என்றார் அரிகரன்.

ஹேமலதா டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

உறுவையாறு பள்ளிக்கூடத்தில் கண் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது அவருடைய ஆறாம் வகுப்பைத்தான். பிள்ளைகள் தினமும் வெளி வெளிச்சத்தில் விளையாடினால் கிட்டப்பார்வை வருவது குறைகிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி. பள்ளி திறந்ததிலிருந்து, சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி, வகுப்பை மைதானத்தில் இறக்கிவிட்டவர் அவர். இன்று பிள்ளைகளின் பார்வையை அளவெடுக்க வந்திருந்தார் ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்த அரிகரன்.

"சுகன்யா, அடுத்த கண்ணு. வலது கண்ண மூடிக்கம்மா."

வராண்டாச் சுவரில் அட்டை தொங்கியது. அட்டை முழுக்க ஆங்கில E மாதிரி ஒரே மூன்று கால் எழுத்து, திசை மாறி மாறி, மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சிறிதாக. கால்கள் நீட்டியிருக்கிற பக்கம் பிள்ளை மூன்று விரலைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை.

அரிகரன் அட்டைப் பக்கம் திரும்பிக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டார். சுகன்யா விரலைக் காட்டினாள். வலது. மேலே. கீழே.

டீச்சருக்கு என்னவோ இடித்தது. சுகன்யாவின் பார்வை அட்டையில் இல்லை. அவளுக்கும் அட்டைக்கும் நடுவில் இருந்த தூணில் இருந்தது.

தூணுக்குப் பக்கத்தில் ப்ரீத்தி. பரிசோதனை முடிந்து நின்றவள். வகுப்பிலேயே கண்ணாடி போட்டிருப்பவள் அவள் ஒருத்திதான்.

ப்ரீத்தி இடது பின்னலை இழுத்தாள். சுகன்யாவின் விரல் இடது பக்கம் போனது. ப்ரீத்தி உச்சந்தலையைச் சொறிந்தாள். விரல் மேலே போனது. மோவாயைத் தொட்டாள். விரல் கீழே.

"நிறுத்துங்க சார்!"

டீச்சர் நாலே எட்டில் போய் ப்ரீத்தியின் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"இன்னா வேலைடி இது? பரீட்சைல காட்டறது பத்தாதுன்னு கண்ணு டெஸ்ட்லயுமா?"

வரிசை கொல்லென்று சிரித்தது.

"கணக்குலயும் அவதான் மிஸ் காட்டுவா! பின்னலுக்கே மார்க் போடணும்!" என்றான் புகழ்வேந்தன்.

"நீ வாய மூட்றா!"

அரிகரன் ப்ரீத்தியைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு, குச்சியை மறுபடியும் அட்டையில் வைத்தார். மேலே இருந்த பெரிய எழுத்துக்குச் சுகன்யா சரியாகக் காட்டினாள். அடுத்த வரியில் விரல் தடுமாறியது. அதற்கு அடுத்த வரியில் கையைத் தொங்கவிட்டுவிட்டாள்.

"போர்டுல எழுதறது தெரியுதாம்மா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்புறம் எப்படி எழுதிக்கிற?"

"ப்ரீத்தி சொல்லுவா சார். காதுல."

அரிகரன் டீச்சரைப் பார்த்தார். "நல்லவேளை, நீங்க கவனிச்சீங்க. இல்லன்னா நல்ல கண்ணுன்னு எழுதிட்டுப் போயிருப்பேன். ஆராய்ச்சி தப்பாப் போறது ஒரு பக்கம். கண்ணு வளர்ற வயசு டீச்சர் இது. இந்தப் பொண்ணு எல்லாத்தையும் மங்கலாவே பாத்துக்கினு இருந்திருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

டீச்சருக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"எனக்கு வெக்கமா இருக்குது சார். வெளியிலேர்ந்து வந்தவங்க எதிர்ல மானத்த வாங்கிட்டாளுங்க. இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்கு நான் டீச்சர்னு சொல்லிக்கவே கூசுது."

"வுடுங்க டீச்சர், சின்னப் பசங்க."

"சின்னப் பசங்களா? இது எவ்ளோ பெரிய திருட்டுத்தனம்!" ப்ரீத்தியின் பக்கம் திரும்பினார். "ஏண்டி, நீ கண்ணாடி போட்டவதானே? கண்ணு தெரியலன்னா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கூட்டாளி கண்ண கெடுக்கப் பாத்தியே, வெக்கமா இல்ல உனக்கு?"

ப்ரீத்தி கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு இன்னா குடுத்தா அவ? முறுக்கா? ஸ்டிக்கரா?"

"ஒண்ணும் குடுக்கல மிஸ்."

"சும்மாவா செஞ்ச?"

சுகன்யா விசும்ப ஆரம்பித்தாள். "நான்தான் மிஸ் காட்டச் சொன்னேன். எனக்குக் கண்ணாடி வாணாம் மிஸ். போர்டு தெரியலன்னாலும் பரவால்ல மிஸ்."

"ஏன், கண்ணாடி போட்டா உனக்குக் கொம்பு மொளச்சிடுமா?"

இம்முறை வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. புகழ்வேந்தன்கூட. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சரை மட்டும் பார்க்கவில்லை.

அரிகரன் ப்ரீத்திக்கு எதிரில் குந்தினார். "நீ சொல்லும்மா. நான் திட்டமாட்டேன். எதுக்குக் காட்டின?"

ப்ரீத்தி அவரைப் பார்க்கவில்லை. முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி டீச்சரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"அவளயாவது வுட்டுடுங்க மிஸ். சோடாபுட்டின்னு கூப்புட்டு எல்லாரையும் சிரிக்கவைக்க, உங்களுக்கு நான் ஒருத்தி போதாதா?"