கீசருக்குப் பூசை

கீசர் சுவிட்சைப் போட்டதும் ஹாலில் இருந்த புது ட்ரிப்பர் மறுபடி ‘டக்’கென்று விழுந்தது.

“மாட்டுனதுல இருந்து இதே கூத்து. அந்தப் பாக்ஸக் கழட்டி வீசிட்டு டைரக்டாக் குடுத்தா ஆகாதாமா?”

பஞ்சவர்ணம் இதை ஜடையனைப் பார்த்துக் கேட்கவில்லை. குளியலறை வாசலில் நின்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். அவர் வந்ததிலிருந்து எல்லாப் பேச்சும் சுவரிடம்தான்.

மண்டி மொஹல்லா எலக்ட்ரிக் கடைக்கு அவள் போன் போட்டபோது, கடைப் பையன் சந்துரு போவதாகத்தான் இருந்தது. விலாசத்தைக் கேட்டதும் ஜடையன் பையைத் தூக்கிக்கொண்டு தானே கிளம்பிவிட்டார்.

கதவைத் திறந்தவள் முகம் சுளித்தாள். “கடைக்காரனுக்கு வேற ஆளே கெடைக்கலியாக்கும்” என்று சுவரிடம் சொல்லிவிட்டு வழிவிட்டாள். தீபாவளிக்கு முந்தின நாள் வேறு எவன் வருவான்?

வந்த வேலை, வாங்கி வைத்திருந்த கீசரை மாட்டிக் கொடுப்பது. மாட்டிவிட்டு, ப்ளக் பாயிண்டைத் திறந்து பார்த்தார். காது மடல் சூடாகிவிட்டது.

எர்த் ஓட்டைக்கு எர்த் கம்பியே வரவில்லை. நியூட்ரலில் இருந்து ஒரு துண்டு வயரை இழுத்து அதில் முறுக்கியிருந்தார்கள்.

பார்க்கிறவனுக்கு மூன்று ஓட்டையும் சரியாகத்தான் இருக்கும். தெருக் கம்பத்தில் எவனாவது லைனை மாற்றிக் கொடுத்துவிட்டால், கீசரின் இரும்பு உடம்பு, பைப்பு, குழாய் எல்லாம் கரண்டு. இந்தச் சந்தில் பாதி வீடு இப்படித்தான். குழி வெட்டச் சோம்பல்பட்டு, துண்டு வயரில் பூமியை உண்டாக்கிவிடுகிற மகான்கள்.

வயரை வெட்டி எறிந்தார். கொல்லையில் குழி போட்டார். பைப்பு இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, பச்சை வயரைக் குளியலறை வரைக்கும் இழுத்தார். கரண்டு கசிந்தால் கட் பண்ணுகிற ட்ரிப்பரை ஹாலில் மாட்டினார். யாரும் கேட்காத வேலை. அவர் கடப்பாரை போட்ட போடில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது.

அவர் கொல்லையில் கிடந்த நேரத்தில் வீட்டுக்குள்ளே பூசை முடிந்துவிட்டது.

இன்றைக்கு இந்தக் கன்னட ஊரில் நீர் நிறைக்கும் பண்டிகை. வெந்நீர்ப் பாத்திரத்தைக் கழுவி, பூ வைத்து, நீர் நிறைத்துக் கும்பிடுவார்கள். முன்பு அது தாமிர அண்டா. இப்போது கீசர். தலையில் சாமந்திச் சரம். நெற்றியில் மஞ்சள், குங்குமம். உச்சி குளிர ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

ஜடையன் ஸ்டூலில் ஏறி மூடியைக் கழற்றினார். உள்ளே வயர் முனைகள் நனைந்து மினுங்கின. சாமந்திச் சரத்தைப் பிடுங்கிக் கீழே போட்டார்.

“நாளும் கெழமையும் அதுவுமா பூவப் பிச்சுப் போடறதப் பாரு” என்றாள் சுவரிடம்.

“தண்ணி உள்ள போயிருக்குதுங்க. கரண்டு கசியுது. அதான் பாக்ஸு விழுகுது. நாய் கொலைக்குதுன்னு நாயையே அடிச்சுத் தொரத்துவீங்களா? சாயங்காலம் வரைக்கும் காயட்டும்.”

“சாயங்காலம் வரைக்கும் இந்த மூஞ்சிய யாரு பாத்துட்டு உக்காந்திருக்கறது? சந்தோஷு வரட்டும். ஒரே நிமிசத்துல டைரக்டாக் குடுத்துருவான்.”

செய்வான். ஜடையனுக்குத் தெரியும். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் அவள் மகன் சந்தோஷ்குமார் பாக்ஸைக் கழற்றி, இரண்டு வயரையும் முறுக்கி, டேப் சுற்றிவிடுவான்.

“அங்கிள், நாளைக்கு பிசி நீர்… சுடுதண்ணி வந்துருமா?”

சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு மருமகள் மனிஷா நின்றாள். பாதி கன்னடம், பாதி தமிழ். வயிறு நைட்டியை முன்னால் தள்ளியிருந்தது. நாளை விடியலில் எண்ணெய் வைத்து முதலில் குளிக்கப்போகிறவள் அவள்தான்.

அவர் பதில் சொல்வதற்குள் பஞ்சவர்ணம் முந்திக்கொண்டாள். “வராம என்ன கண்ணு? பழைய கீசரு டைரக்டாத்தான் ஓடுச்சு. ஒரு பாக்ஸும் கெடையாது. நல்லாத்தான் ஓடுச்சு.”

ஜடையன் ஸ்டூலில் இருந்து இறங்கினார்.

“அப்புறம்?” என்றார்.

பஞ்சவர்ணம் சுவரைத் தேடினாள்.

“நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம்?”

“அப்புறம் என்னாச்சு அத்தை?” என்றாள் மனிஷா.

“நீ உள்ள போ கண்ணு.”

அவள் போகவில்லை.

ஜடையன் அவளைப் பார்த்துத் திரும்பினார். குரலை இறக்கிக்கொண்டார்.

“உனக்கு முன்னாடி இந்த வீட்டுல வாழ்ந்தவ எப்படிச் செத்தான்னு சொன்னாங்கம்மா?”

“பூங்குழலி அக்காவா? ஹார்ட் வீக்குன்னு… குளிக்கப் போனப்போ விழுந்துட்டாங்கன்னு…”

“அவளுக்கு ஹார்ட்டு நல்லாத்தான் இருந்துச்சு. எம்பொண்ணப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“சம்பந்தி” என்றாள் பஞ்சவர்ணம். இந்த முறை அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். “பண்டிகை நாளும் அதுவுமா வேண்டாம், சம்பந்தி.”

மனிஷா குளியலறைக் குழாயைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள்.

பிறகு ஹாலுக்குப் போய், ட்ரிப்பருக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாசலில் சந்தோஷ்குமாரின் பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.