மூடப்படாத கோப்பு

யாழ்ப்பாணத்திலிருந்து கணினி திருத்த வந்த றஞ்சனி, படகு ஆட்டிய அலுப்போடு நெடுந்தீவு ஐஸ் தொழிற்சாலையில் அமர்ந்தாள்.

"கமரா பதிவை நேற்றே அழிச்சிட்டன். ஆனால் கணினியிலை இடம் இன்னும் நிரம்பித்தான் கிடக்குது" என்றார் முதலாளி.

"பெயர்தான் அழிஞ்சிருக்கு ஐயா. கமரா புரோகிராம் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைச்சிருக்கு. அதை மூடும் வரைக்கும் பதிவு உள்ளுக்கை முழுசா இருக்கும்."

முதலாளியின் முகம் கறுத்தது. "அப்ப உடனே மூடும். இஞ்சை வேலை செய்த அந்த மரியநாயகம் குடிச்சுப்போட்டு மெஷினுக்கை கையை விட்டவன். பிறகு ஆரும் பதிவைப் பார்த்துக் கதை கட்டுவினம்."

"ஓம். பத்து நிமிசம் தாங்கோ."

பத்து நிமிடத்தில் இடம் கிடைத்தது. முதலாளி நன்றி சொல்லி அனுப்பினார்.

றஞ்சனி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்று விரல் இழந்த மரியநாயகம் சுவரைப் பார்த்தபடி கிடந்தார்.

"பாதுகாப்பு மூடியில்லாத மெஷினிலை உங்களை வேலை செய்ய வைச்சது பதிவிலை முழுக்க இருக்கு. கோப்பை மூடுறதுக்கு முதல் கொப்பி எடுத்திட்டன்" என்று பென்டிரைவைக் காட்டினாள்.

"களைச்சுப்போனன் பிள்ளை. இனி வழக்கு, விசாரணை எண்டு அலைய ஏலாது."

"நீங்கள் படுங்கோ அப்பா. நான் உங்கடை மகள் எண்டு முதலாளிக்குத் தெரியாது. நான் அலையிறன்."