நாலாயிரம் முறை வந்த திருடன்

“காலையில கண்ணு முழிச்சதுலேருந்து நாலாயிரம் தடவை இந்த வீட்டுக்குள்ள திருடன் நுழையப் பார்த்திருக்கான். ஒரு தடவைகூட நான் விடலை!”

ஆஸ்டின் டவுன் மொத்தத்துக்கும் கேட்கும்படி சில்வெஸ்டர் மாடிப்படியில் நின்று முழங்கினார். அந்தக் கோபத்தைக் கேட்ட எதிர்ச்சாரி நாய் எழுந்து, அடுத்த தெருவுக்கே குடிபோய்விட்டது.

“போலீசைக் கூப்பிடவா மாமா, டாக்டரைக் கூப்பிடவா?” என்று மேல்வீட்டிலிருந்து இறங்கி வந்தான் டொமினிக். சில்வெஸ்டரின் மனைவி மௌரீனுக்குத் தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர்.

“உள்ள வந்து காதால கேளு மச்சான். பொட்டி கூவிட்டே இருக்கு.”

பெட்டி என்றால் ஃபயர்வால். போன மாதம் ஏதோ ஒரு வைரஸ் புகுந்து, மௌரீனின் கோயில் பாடகர் குழு பாடி வைத்திருந்த பாட்டையெல்லாம் ஒன்று விடாமல் தின்றுவிட்டது. சில்வெஸ்டர் நேரே பழைய சாமான் விற்கும் சிவாஜி நகர் குஜிரிக்குப் போய், கிலோ கணக்கில் பழைய கம்ப்யூட்டர்களை அள்ளி வந்தார். ஒன்றை சர்வராக்கிப் புதிதாகப் பதிந்த பாட்டுகளை அதில் பூட்டினார். இன்னொன்றை இன்டர்நெட் ஒயருக்கும் சர்வருக்கும் நடுவே காவல்காரனாக நிறுத்தினார்.

கோலார் சுரங்கத்தில் ஆளிறக்கும் கூண்டை ஓட்டியவர் அவர். கீழேயிருந்து மணி அடிக்காமல் ஆண்டவரே சொன்னாலும் கூண்டை அசைக்கமாட்டார். ஃபயர்வாலுக்கும் அதே சட்டம்தான். திரை எதற்கு என்று மானிட்டரைக் குஜிரியிலேயே விட்டுவிட்டு, வெளிக் கம்ப்யூட்டர் எது வந்து தட்டினாலும் ‘பீப்’ அடிக்கும்படி செய்துவிட்டார்.

டொமினிக் உள்ளே வந்து காதைக் கொடுத்தான். பெட்டி கம்மென்று இருந்தது.

“எங்க சத்தம்? ஞாயித்துக்கெழமையும் அதுவுமா ஃபேன், லைட்டு, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் அணைச்சிட்டு ஓடி வரேன். கரென்ட்டை வீணாக்கக் கூடாதுன்னு பார்த்தா, என் உசுரை வீணாக்கறீங்க!”

முணுமுணுத்துக்கொண்டே படியேறினான். அவன் கதவு சாத்தி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

பீப்! பீப்! பீப்!

“மச்சான்! ஓடி வா!”

மறுபடி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்தான். பெட்டி மறுபடி பரம சாது.

சில்வெஸ்டருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துக் கையை நீட்டினார். “சேஷகிரி சார் வேலைதான் இது! நீ படியிறங்கற சத்தம் கேட்டதும் அவரு கம்ப்யூட்டரை அணைச்சிடறாரு!”

கதவு படாரென்று திறந்தது. “ஏன்ரீ இது அன்யாய!” என்று கன்னடத்தில் கத்தியபடி சேஷகிரி பனியனோடு பாய்ந்து வந்தார். “நான் திருடனா?”

“நீங்க திருடன்னு சொல்லலை சார். உங்க கம்ப்யூட்டருக்கு வியாதி. உங்களுக்கே தெரியாம ஊர்க் கதவையெல்லாம் தட்டுது.”

“என் கம்ப்யூட்டருக்கா? உன் மண்டைக்குத்தான்ய்யா வியாதி!”

சட்டை இல்லாத சண்டையில் சட்டையைப் பிடிக்க முடியாமல் சில்வெஸ்டர் தவித்தபோது, அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பிய மௌரீன் நடுவே வந்து நின்றாள். பதினெட்டு வருஷ அண்டைவீட்டு உறவு கண்ணெதிரே கிழிந்துகொண்டிருந்தது.

“போதுங்க! அந்தச் சத்தம் உங்க ஒருத்தர் காதுக்கு மட்டும்தான் கேக்குது. வாசல்ல குஜிரிக்காரன் நிக்கறான். தூக்கிப் போடுங்க எல்லாத்தையும்! தம்பி, நீ ஒரு கை பிடி.”

“உன் பாட்டு, மௌரீன்...”

“பாட்டு போனா திரும்பப் பாடிக்கறேன். மானம் போனா?”

சில்வெஸ்டர் ஃபயர்வாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “ஒயரைத் தொட்டா கையை ஒடிப்பேன்!” டொமினிக் சிரித்துக்கொண்டே சர்வரை அசைத்துப் பார்த்தான். மாமனும் மச்சானும் ஆளுக்கொரு பெட்டியைப் பிடித்துப் பத்து நிமிஷம் மல்லுக்கு நின்றார்கள்.

பீப்!

டொமினிக்கின் கை நின்றது. பீப்! பீப்! பீப்! சுவரில் இருந்த மாதா படம் ஆடியது என்று மௌரீன் இன்றும் சத்தியம் செய்கிறாள்.

“அட, ஆமா!” டொமினிக்கின் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. “எவன்டா அவன், எங்க அக்கா பாட்டுல கை வைக்கறவன்? அவன் ஒயரைப் பிடுங்கி அவன் கழுத்துலயே மாட்டறேன்!”

மாடிப்படிச் சுவரில் கேபிள்காரர் மாட்டிய டப்பா இருந்தது. அந்தக் கட்டடத்து எல்லா வீட்டு ஒயரும் அதில்தான் வந்து சேரும். டொமினிக் பாய்ந்து போய் முதலில் சேஷகிரியின் ஒயரைப் பிடுங்கினான்.

பீப்! பீப்!

“ஈக கொத்தாய்த்தா? தெரிஞ்சுதா? இப்ப யாருக்கு வியாதி?” என்று சேஷகிரி கர்ஜித்தார். சில்வெஸ்டர் தலை கவிழ்ந்தார்.

டொமினிக் விடவில்லை. அடுத்த ஒயரைப் பிடுங்கினான். அதற்கடுத்ததையும் பிடுங்கினான்.

சத்தம் நின்றது.

“மாட்டினான்!” என்று கத்தி, ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு அது போகும் வழியைப் பார்த்தான். ஒயர் சுவரோடு மேலே ஏறியது. அவன் கண்ணும் கூடவே ஏறியது.

மேல்வீட்டிலிருந்து அவன் மனைவி விஜி கத்தினாள். “ஏங்க! இப்பத்தான் கம்ப்யூட்டரைப் போட்டு துபாய் அக்காகூடப் பேசிட்டிருந்தேன். எந்தப் பாவி ஒயரைப் புடுங்கினது?”

டொமினிக் கையிலிருந்த ஒயரைப் பார்த்தான். சேஷகிரியைப் பார்த்தான். பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்ற சில்வெஸ்டரை மட்டும் பார்க்க முடியவில்லை.

“திருடன் வந்தது நெஜம்தான் மாமா.”