கூப்பிடாமல் ஒரு கேள்வி

“‘ரெஸ்பெக்டட் சார்’னு ஆரம்பிச்சா ஓவரா இருக்குமாக்கா?”

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அக்கா கண்ணைத் திறக்காமலே, “லீவு லெட்டரா?” என்றாள்.

அக்கா என்றால் பெரியம்மா மகள். வேலைக்காக இந்த வீட்டில் தங்கியிருக்கிறாள். விமானக் கம்பெனி ஒன்றில், பெட்டி தொலைந்துபோனவர்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுதும் வேலை. கோபக்காரருக்கு எவ்வளவு பணிவு, அழுகிறவருக்கு எவ்வளவு அன்பு என்று உப்பு மாதிரி அளந்து போடுவாள். வீட்டில் யார் இங்கிலீஷில் எது எழுதினாலும் அவள் பார்த்த பிறகுதான் வெளியே போகும்.

சின்னவள் விஷயத்தைச் சொன்னாள். சனிக்கிழமை நீச்சல் போட்டி. முதல் தடவையாக ஃபைனலுக்கு வந்திருக்கிறாள். அம்மாவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் டூட்டி, லீவு கிடைக்கவில்லை. எல்லோருக்கும் கரையில் ஆள் இருக்கும், தனக்கும் ஒருவர் நிற்க வேண்டும். ஒருவரைக் கூப்பிட ஆசை. வயதில் பெரியவர். முடியாது என்று சொல்லிவிட்டால் மறுநாள் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? அதுதான் பயம்.

அக்கா போனைப் பிடுங்கிப் படித்தாள். இரண்டு இடத்தில் ‘கைண்ட்லி’. கடைசியில் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’.

“என்னடி இது, ஜட்ஜுக்கு மனுவா? இதைப் படிச்சா அந்த மனுஷன் கோட்டு தைக்கக் குடுத்துட்டுத்தான் நீச்சல்குளம் பக்கம் வருவாரு.”

அப்படியானால் ‘ஹாய் டியர்’ போடட்டுமா என்று சின்னவள் கேட்டாள். பதிலுக்குத் தலையணை பறந்து வந்தது.

“பேசாம தமிழ்லயே கேட்டுத் தொலையேன்.”

“தமிழ்ல என்னன்னு கூப்பிடறதுன்னே தெரியலக்கா. இங்கிலீஷ்னா ‘யூ’வோட போயிடும்.”

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை. ‘சார்’ போனது. ‘கைண்ட்லி’ இரண்டும் போயின. ஒபீடியன்ட்லியும் போனது. சனிக்கிழமை எனக்குப் போட்டி, நீங்கள் வந்தால் சந்தோஷப்படுவேன் என்பது மட்டும் மிஞ்சியது.

“கெஞ்சலும் இல்ல, அதிகாரமும் இல்ல. அனுப்பு.”

சின்னவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அனுப்பினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், ஹாலில், ஒரு போன் ‘டிங்’ என்றது.

போர்வை தலைக்கு மேல் ஏறிக்கொண்டது. ஹாலில் நாற்காலி நகரும் சத்தம். யாரோ குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன் அதிர்ந்தது. அனுப்பியவர், நாலு மாதத்துக்கு முன்பு சின்னவளின் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்தவர். அக்காவுக்கு அன்றைக்கே சித்தப்பா ஆகிவிட்டார். சின்னவளுக்குத்தான் இன்னும் எதுவும் ஆகவில்லை.

“முழிச்சிருக்கியாம்மா? பாப்பா என்னைப் போட்டிக்குக் கூப்பிட்டிருக்கா. ‘ஷ்யூர்’னு மட்டும் போட்டா அலட்சியமாத் தெரியுமா? கீழ ‘அப்பா’ன்னு போட்டா ஓவரா இருக்குமா?”