எட்டில் இரண்டைக் காணோம்

நாற்பத்திரண்டு நிமிஷத்தில் முடிய வேண்டிய வேலைக்கு ஐம்பத்தாறு நிமிஷம் ஆகிறது. நடுவில் பதினாலு நிமிஷத்தை யாரோ எடுத்துக்கொள்கிறார்கள்.

அது யாரென்றும் குஞ்சிதபாதத்துக்குத் தெரியும். பாபநாசத்தில் இருக்கும் அவருடைய வீடியோ ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருத்தி எடிட்டர் ஷோபனா.

பழைய மெஷினின் மூளையில் வேலை பார்க்கும் கோர் இரண்டுதான். எடிட் செய்த கல்யாண வீடியோவை முழு ஃபைலாக்கும் ரெண்டரிங்கைப் போட்டால் அதோடு சரி. பக்கத்தில் ஆல்பத்தைத் திறந்தால் மௌஸ்கூட நகராது. தை முகூர்த்தங்களுக்கு முன்னால் எட்டு கோர் மெஷின் வந்தது. இப்போது ஒரு பக்கம் ஆல்பம் திறந்திருந்தாலும் மறுபக்கம் ரெண்டரிங் தன்பாட்டுக்கு ஓடும்.

ஓட வேண்டும். ஓடவில்லை.

திங்கட்கிழமையிலிருந்தே சந்தேகம். வியாழக்கிழமையான இன்று காலை ஷோபனா வருவதற்கு முன் ஒரு ஃபைலைப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பத்திரண்டு. அவள் வந்த பிறகு அதே ஃபைல். ஐம்பத்தாறு.

எட்டாம் வகுப்புப் படிப்புதான். ஆனால் கணக்கு பிசகாது. எட்டுப் பேர் நடவு நடுகிற வயலிலிருந்து இரண்டு பேரைக் கிளப்பிக்கொண்டு போனால் எவ்வளவு இழுக்குமோ, அவ்வளவு இழுக்கிறது. நாற்பத்திரண்டை எட்டால் பெருக்கி, ஆறால் வகுத்தார். சரியாக ஐம்பத்தாறு.

"ஷோபனா, இந்த மெஷின்ல எத்தனை கோர்?"

"எட்டு சார்."

"செழியன் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை ஓடுது?"

அவள் கை மௌஸில் நின்றது. "ஆறு."

"மிச்சம் ரெண்டு?"

"நான்தான் வேற வேலைக்கு ஒதுக்கினேன் சார்."

யாரையும் முகத்துக்கு நேரே கேட்டுப் பழக்கமில்லாதவர் குஞ்சிதபாதம். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சனிக்கிழமை செழியன் தங்கச்சியும் மாப்பிள்ளையும் சிங்கப்பூர் கிளம்புறாங்க. அதுக்குள்ள வீடியோ தர்றேன்னு வாக்கு கொடுத்திருக்கேன், இன்னும் நாப்பது ஃபைல் ஓட வேண்டியிருக்கு. நீ என் மெஷின்ல கும்பகோணத்து ஸ்டுடியோக்காரனுக்கு வேலை பாக்கணும்னா அங்கேயே போய்ப் பாரும்மா. நாளையிலேர்ந்து இங்க வர வேண்டாம்."

ஷோபனா மறைத்து வைத்திருந்த விண்டோவைத் திறந்து காட்டினாள்.

ஸ்டுடியோவில் எடுத்த பழைய கல்யாணங்கள் ஒவ்வொன்றாக வேகமாய் ஓடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஆதார் அட்டையிலிருந்து எடுத்த மங்கலான ஒரு முகம்.

"யாரு இது?"

"நம்ம வீரையண்ணன் சார்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் அவருக்கு லைட் பிடித்த வீரையன். இறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. இவரே போய் மாலை போட்டுவிட்டு வந்திருந்தார்.

"நீங்க குடவாசல் போயிருந்தப்ப அவங்க சம்சாரம் வந்தாங்க. ஞாயித்துக்கிழமை கருமாதி. வச்சுக் கும்பிட வீட்டுல ஒரு படம் இல்லையாம். ஆதார்ல இருக்கிறது அவர் மாதிரியே இல்லைன்னு அழுதாங்க. 'ஊரையே படம் எடுத்தாங்களே, இவரும் எங்கேயாவது விழுந்திருப்பாரு, பாரும்மா'ன்னாங்க. அதான் இந்த முகம் எங்க வருதுன்னு தேட விட்டிருக்கேன். மெஷின் முழுசையும் கொடுத்தா நம்ம வேலை நின்னுடும். அதனால ரெண்டு மட்டும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட கண்டிப்பா ஒண்ணு இருக்கும்னு நம்பித்தான் வந்தாங்க சார். உங்க ஃபோட்டோ எல்லாத்தையும் பாத்துட்டேன். இல்ல. அதை எப்படி உங்ககிட்ட சொல்றது?"

குஞ்சிதபாதம் நாற்காலியை இழுத்துப் போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

"எத்தனை கல்யாணம் தேடியிருக்கு?"

"திங்கட்கிழமையிலேர்ந்து நூத்து முப்பத்தொண்ணு. மிச்சம் நானூத்துப் பன்னெண்டு."

"எத்தனையில இருக்கான்?"

"ஒண்ணுலயும் இல்ல சார். லைட்டுக்குப் பின்னாடியே நின்னிருக்காரு."

குஞ்சிதபாதம் விரல்விட்டு எண்ணினார். இரண்டு கோரில் இன்னும் ஒன்பது நாளுக்கு மேல் இழுக்கும். எட்டும் சேர்ந்தால் ஞாயிறு விடிவதற்குள் முடியும்.

"கல்யாண ரெண்டரிங்கை நிறுத்து. எட்டையும் இதுக்குக் குடு."

"செழியன் சாருக்கு என்ன சொல்றது?"

அவரே போனை எடுத்தார்.

"தம்பி, வீடியோ சனிக்கிழமை ஆகாது. திங்கட்கிழமை சிங்கப்பூருக்கே அனுப்பி வச்சிடறேன்."

புது மெஷின் வாங்கியும் இப்படியா என்று செழியன் கத்தியது ஷோபனாவுக்கே கேட்டது.

"மெஷின் மேல குத்தம் இல்ல தம்பி," என்றார் குஞ்சிதபாதம். "இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒரே ஒரு படம் எடுக்காம விட்டுட்டேன். அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."